வெறிநாய்க்கடி நோயும் நம் ஜில்லாவில் தொடங்கத்தக்க பணியும்

விலங்குகளுள் மனிதனை முதன்முதல் அண்டி வாழத் தொடங்கியது நாயே என்பது அறிஞர் துணிபு. பாண்டவருள் மூத்தோன் தன்னைப் பின்தொடர்ந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்தான் என்று பாரதம் கூறும். வைரவக் கடவுளுக்கு அதுவே ஊர்தி. நம் வேதாகமத்திலோ, செல்வன் வாயிலிற் கிடந்த லாசருவின் புண்களை நக்கியவை நாய்களே. இக்கதையை ஞாயிறு பள்ளியிற் கேட்ட நாளில் அந்நாய்களின் இரக்கத்தை வியந்தோம். பிற்காலத்தில் நோய்நூல் கற்றபோது, திறந்த புண்ணை நாய் நக்குதலும் ஆழக் கடித்தலோடு ஒத்த அபாயமுடையதென வைத்தியர் வகுத்திருப்பதைக் கண்டு, அவ்வேழையின் பொருட்டுச் சிறிது கவலையுங் கொண்டோம்.

நிற்க. தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டில் நாய்க்கடிக்கு ஆளானோர் ஏறக்குறைய 4,80,000 பேர் என்றும், அவருள் வெறிநோய் கண்டு மாண்டோர் 43 பேர் என்றும் சுகாதார இலாகாவின் கணக்குக் கூறிற்று. அதற்கு முந்திய ஆண்டில் மாண்டோர் 18 பேர். உலக முழுவதும் ஆண்டுதோறும் 59,000 பேர் இந்நோயால் இறக்கின்றனர் என்பதும், அவருள் மூன்றிலொரு பங்கினர்க்கு மேல் இந்தியர் என்பதும் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2022, 2023ஆம் ஆண்டுகளில் வீடுவீடாக வினவி எடுத்த மற்றொரு மதிப்போ நம் நாட்டில் ஆண்டுக்கு 5,700 மரணங்கள் என்கின்றது. மதிப்புகள் இங்ஙனம் பெரிதும் வேறுபடுதற்குக் காரணம், இந்நோயால் இறப்போர் பெரும்பாலும் ஏழைகளும் சிறுவருமாய், ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இடம்பெறாமலே வீட்டில் மடிதலாகும். எத்தொகையைக் கொள்ளினும் ஒன்று உறுதி: இம்மரணங்களுள் ஏறக்குறைய ஒவ்வொன்றும் தடுத்திருக்கக்கூடியதே. மாரடைப்பையும் புற்றுநோயையும் குறித்து இவ்வளவு துணிவாகச் சொல்ல எவராலும் இயலாது.

இந்நோய்க்குக் காரணம் வைரஸ் எனப்படும் ஒரு நுண்பொருள். மிக நுண்ணிய மின்னணுக் கண்ணாடியில் நோக்கின் அது துப்பாக்கிக் குண்டு போன்ற வடிவினதாய்த் தோன்றும். நோயுற்ற விலங்கின் உமிழ்நீரிலிருந்து கடிவாய் வழியே உட்புகும் இவ்வைரஸ், மற்றக் கிருமிகள் பலவற்றைப் போல் இரத்தத்தில் ஓடிப் பரவாமல், நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஊர்ந்து செல்கின்றது. ஆதலின் காலிற் கடியுண்டவனுக்கு வழி நெடிது. முகத்திலோ கழுத்திலோ கடியுண்ட குழந்தைக்கு வழி மிகக் குறுகியது. பெரும்பாலும் ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரையிற் செல்லும். ஒரு வாரத்தில் நோய் தோன்றியதும் உண்டு, ஓராண்டு கடந்து தோன்றியதும் உண்டு. இவ்விடைக்காலமே நமக்குக் கிடைத்த தவணை. வைரஸ் மூளையை அடையுமுன் உடலில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிவிட்டால் உயிர் பிழைக்கும். அடைந்து குறிகள் தோன்றிவிட்டாலோ, இற்றைநாள் வைத்திய சாஸ்திரத்தின் கையிலும் மருந்தில்லை. உலகில் அந்நிலையிலிருந்து பிழைத்தோர் மிகச் சிலரே. அவருட் பலரும் பழைய நலத்தைப் பெற்றாரில்லர்.

நோய் கண்டவனுக்குத் தண்ணீரை விழுங்க முயலுந்தோறும் தொண்டைத் தசைகள் இறுகிப் பிடித்து மூச்சுத் திணறுகின்றது. பின்னர்த் தண்ணீரைக் காண்பதும், அதன் ஒலியைக் கேட்பதும், காற்று முகத்திற் படுவதுமே அவ்விறுக்கத்தை எழுப்பப் போதுமாகின்றன. இதனாலேயே நீர்வெறுப்பு நோய் என்ற பெயரும் வந்தது. ஈழத்துத் தமிழர் வெறிநாயை விசர்நாய் என்பர். கடியுண்டவன் நாய் போற் குரைப்பான் என நம் ஊர்களிற் சொல்வது, குரல்வளை இறுகியதால் எழும் கரகரத்த ஒலியைக் கேட்டோர் அச்சத்தாற் கட்டிய கதையேயன்றி வேறன்று. அறிவு பெரும்பாலும் தெளிவாயிருக்க, தன் முடிவை அறிந்தபடியே ஒருவன் சில நாட்களில் இறத்தல் இந்நோயின் கொடுமை.

வெறிபிடித்த நாய் என்றவுடன் வாயில் நுரை ஒழுகக் கண்டவரையெல்லாம் கடித்துக்கொண்டு ஓடும் நாயையே நாம் நினைக்கின்றோம். அங்ஙனம் ஓடுவதும் உண்மையே. ஆயினும் ஊமை வெறி என்று சொல்லத்தக்க மற்றொரு வகையுமுண்டு. அவ்வகையில் நாய் எவரையும் துரத்துவதில்லை. இருண்ட மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், உணவை விழுங்க மாட்டாது தவிக்கும். வீட்டாரோ தொண்டையில் எலும்பு சிக்கிற்றென எண்ணி, அன்பினால் வாய்க்குள் கையை விட்டுத் தேடுவர். நாயை வளர்ப்போர் அறிந்துகொள்ள வேண்டுவனவற்றுள் இதனை முதலாவதாக வைப்போம். துரத்தும் நாயைக் கண்டு ஓடுதற்கு ஒருவரும் கற்பிக்க வேண்டுவதில்லையன்றோ?

இனி, சிகிச்சையின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். பிரான்ஸ் தேசத்து லூயி பாஸ்டர் என்னும் பேரறிஞர், நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலர்த்தி அதன் வலிமையைக் குறைத்து, 1885ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் ஜோசப் மைஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஊசி மூலம் செலுத்தத் தொடங்கினர். சிறுவன் பிழைத்தான். இந்தியாவில் 1900இல் இமயமலைச் சாரலிலுள்ள கசௌலியில் பாஸ்டர் பெயரால் ஒரு நிலையம் அமைந்தது. தென்னாட்டார்க்கோ கசௌலி எட்டாத தூரம். 1902இல் லில்லி பாக்கென்ஹாம் வால்ஷ் என்னும் இளம்பெண் இங்கே சிகிச்சைக்கு வழியின்றி இந்நோயால் இறந்தமை பலருடைய மனத்தையும் உருக்கிற்று. அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் என்பார் கர்ஸன் பிரபுவினிடம் ஒப்படைத்திருந்த நன்கொடையிலிருந்து ஒரு லட்ச ரூபாய் கிடைக்க, 1907ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் நீலகிரிக் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. நம் ஊர் முதியோர் வயிற்றிற் போட்ட ஊசியைப் பற்றி இன்றும் நடுங்கிக் கூறுவர். அது ஸெம்பிள் என்பார் கசௌலியில் 1911இல் வகுத்த முறைப்படி ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்து. பலநாள் தொடர்ந்து தொப்புளைச் சுற்றிக் குத்தப்படும். சிலர்க்கு அம்மருந்தே பக்கவாதத்தை விளைத்ததுமுண்டு. 2004ஆம் ஆண்டின் இறுதியோடு அது நம் நாட்டில் நிறுத்தப்பட்டது.

இப்போதைய ஊசி அஞ்சத்தக்கதன்று. புயத்தின் தோலினுள் சிறிதளவே, முதல் நாளிலும், அதிலிருந்து 3, 7, 28 என்னும் நாட்களிலும் இரு புயங்களிலும் போடப்படும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் இதற்குப் பணம் கொடுக்க வேண்டுவதில்லை. ஆயினும் இரத்தம் கசிந்த காயத்திற்கு ஊசி மட்டும் போதாது. ஊசியால் எதிர்ப்புச் சக்தி உண்டாக ஒரு வாரத்திற்கு மேலாகுமாதலின், அதுவரை காத்தற்பொருட்டு ஆயத்தமான எதிர்ப்புச் சீரத்தைக் காயத்தினுள்ளும் சுற்றிலும் செலுத்த வேண்டும். இச்சீரத்தை விட்டுவிட்டமையாலேயே ஊசி போட்டும் மாண்டோர் உளர். கடித்த நாயைப் பத்து நாள் கவனித்தல் நன்றே. உமிழ்நீரில் வைரஸ் வந்த நாய் அதற்குள் நோய்வாய்ப்பட்டு மடியும். பத்து நாள் கடந்தும் நலமாயிருப்பின் கடித்த அன்று அதன் வாயில் நஞ்சில்லை என்று துணியலாம். ஆனால் நாயைக் கவனித்த பின்னர் ஊசிக்குப் போவோம் என்றிருத்தல் கூடாது.

எல்லாவற்றிற்கும் முந்தியது சோப்பும் தண்ணீரும். கடியுண்ட இடத்தை ஓடும் நீரிற் பதினைந்து நிமிஷம் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். இவ்வைரஸின் மேலுறை கொழுப்பாலாயது. சோப்பு அக்கொழுப்பைக் கரைத்து அதனை அழிக்கின்றது. தாமிரவருணிக் கரையில் வாழும் நமக்கு வாய்க்காலும் படித்துறையும் குழாயும் அருமையல்ல. இருந்தும் நம் வீடுகளிற் காயத்தில் முதலில் ஏறுவது மஞ்சளும் சுண்ணாம்பும், மிளகாய்ப் பொடியும் காப்பித் தூளுமே. சிலர் சூடு வைப்பர். சிலர் பச்சிலை கட்டி மந்திரிப்பர். மந்திரித்தவன் பிழைத்தானே எனக் கேட்பவர்க்கு விடை எளிது. கடிக்கும் நாய்களுட் பெரும்பாலானவை வெறிநாய்களல்ல. வெறிநாய் கடித்தவர் எல்லார்க்குமே நோய் பற்றுவதில்லை. ஆகவே மந்திரிப்பவனிடம் வரும் நூறு பேருட் பெரும்பாலார் ஒன்றும் செய்யாதிருந்தாலும் பிழைப்பவரே. அவர் பிழைத்த புகழ் அவனைச் சேர்கின்றது. இரண்டு மாதஞ் சென்று ஒருவன் இறந்தால், கடித்த செய்தியையே அனைவரும் மறந்திருப்பர். வெறிநோய் கண்ட பசுவின் பாலை அருந்திவிட்டோமென அலறி ஊரோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் உண்டு; காய்ச்சிய பாலால் இந்நோய் வாராது. அஞ்ச வேண்டாததற்கு அஞ்சி, அஞ்ச வேண்டியதாகிய குட்டிநாயின் சிறு பற்கீறலை வீட்டாரிடம் மறைப்பதே சிறுவர் வழக்கமாயிருக்கின்றது.

இவ்வாறு கடியுண்ட மனிதர்க்கு ஊசி போடுவதையே நாம் எத்தனை ஆண்டு செய்தாலும் நோய் குறைந்து ஒழியாது. ஏனெனில் மனிதனிடத்திலிருந்து அது வேறொருவர்க்கும் செல்வதில்லை. மனிதன் அதற்கு முட்டுச்சந்து. அதன் இராஜபாட்டை நாய். மனிதர்க்கு இந்நோய் வருவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயினிடமிருந்தே.

அப்படியாயின் நாய்களைக் கொன்றுவிடலாகாதா என்று கேட்பாருளர். இக்கேள்வியை இரக்கமில்லாதவர் கேள்வியென்று தள்ளுவது நியாயமன்று. கடியுண்ட குழந்தையின் தந்தை வேறு என்ன கேட்பான்? ஆகவே அநுபவத்தைக் கொண்டே விடை கூறுவாம். சென்னை நகரில் 1860ஆம் ஆண்டு முதல் நாய்களைப் பிடித்துக் கொல்லும் முறை இருந்தது. நூறாண்டுக்கு மேற் கொன்றும் நாயும் குறையவில்லை, நோயும் குறையவில்லை. கேப்டன் சுந்தரம் அவர்கள் 1959இல் நிறுவிய புளூ கிராஸ் சங்கத்தார், நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடும் முறையை 1964இல் தொடங்கினர்; மாநகராட்சியார் அதனை ஏற்றுக் கொலையை நிறுத்த 1996 வரை சென்றது. அவ்வாண்டில் 120 ஆக இருந்த மனித மரணங்கள் 2007இல் 5 ஆகக் குறைந்தன என்பது அச்சங்கத்தார் தருங் கணக்கு. இந்தோனேசியாவைச் சேர்ந்த புளோரஸ் தீவில் 1998 முதல் நாய்களைப் பெருந்தொகையாகக் கொன்றும் நோய் அகலவில்லை.

காரணம் என்ன? ஒரு தெருவின் நாய்த்தொகையை வரையறுப்பது அத்தெருவிற் கிடைக்கும் சோறும் குப்பையும் கறிக்கடைக் கழிவுமே. பழைய நாய்களை அகற்றினால் அடுத்த தெரு நாயும் புதுக் குட்டியும் அவ்விடத்தை நிரப்புகின்றன. வருபவை ஊசி போடாதவை. கொல்லப்பட்டவற்றுள் ஊசி போட்டவையும் இருந்திருக்கும். ஆகவே மிக்க செலவு செய்து எதிர்ப்புச் சக்தியுள்ள நாயை நீக்கி, அஃதில்லாத நாயை வருவித்தவராகின்றோம். கொலைக்காரன் வரக்கண்ட வீட்டுக்காரர் தம் நாயை வேற்றூர்க்கு அனுப்பிவிடுதலால் நோய் புது இடத்துக்குச் செல்வதுமுண்டு.

கொல்லாமல் நோயை அறுக்கும் வழி, நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு ஆண்டுதோறும் ஊசி போடுதல். எழுபது என்பது எங்ஙனம் வந்தது? அம்மை நோயாளி ஒருவன் பலரைப் பற்றுவிப்பான். வெறிநாயோ தான் மடியுமுன் சராசரியாக ஒரு நாய்க்கோ இரண்டுக்கோதான் நோயைத் தருகின்றது. ஆகவே ஊரிலுள்ள நாய்களிற் பாதிக்குச் சற்றுக் குறைவானவை காப்புப் பெற்றிருந்தாலும் சங்கிலி அறுந்துவிடும். ஆயினும் தெருநாயின் ஆயுள் குறுகியது. நூறு நாய்களில் எழுபதுக்கு இன்று ஊசி போட்டதாகவும், ஓராண்டில் முப்பத்தைந்து இறந்து முப்பத்தைந்து குட்டிகள் புதியனவாகத் தோன்றுவதாகவும் வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் காப்புடையவை நாற்பத்தைந்தே எஞ்சும். அது போதும்; அதற்குமேல் தாமதித்தால் போதாது. ஐம்பதுக்கு மட்டும் போட்டிருந்தாலோ சில மாதங்களிலேயே காப்பு அழிந்து, செய்த செலவு முழுதும் வீணாகும். ஓராண்டு ஆரவாரமாகச் செய்து மறு ஆண்டு விட்டுவிடுதலும் அத்தகையதே. சென்னையிலும் 2024இல் எண்ணியபோது தெருநாய்கள் 1,80,000 அளவில் இருப்பது கண்டு, 2025 ஆகஸ்டில் மீண்டும் நகரமெங்கும் ஊசி போடும் பணியைத் தொடங்க வேண்டியதாயிற்று.

முறை தவறாது செய்த இடங்களிற் பலன் கண்கூடு. கோவாவில் 2013 முதல் 2019 வரை சர்க்காரும் மிஷன் ரேபிஸ் என்னும் சங்கத்தாரும் கூடி, ஆண்டுக்கு 95,000 நாய்களுக்கு ஊசி போட்டு எழுபது சதவிகிதத்தை எட்டினர். 1,50,000 பள்ளிச் சிறுவர்க்கு ஆண்டுதோறும் பாடஞ் சொன்னார்கள். நாய்களில் நோய் 92 சதவிகிதம் குறைந்து, மனித மரணம் அக்காலத்தில் அற்றுப்போயிற்று. 2021இல் அந்நாடு வெறிநோய் கட்டுப்பட்ட பகுதியென அறிவிக்கப்பட்டது. நம் அண்டையிலுள்ள இலங்கையில் 1973ஆம் ஆண்டில் இந்நோயால் இறந்தோர் 377 பேர். அண்மையாண்டுகளில் அத்தொகை முப்பதை ஒட்டியே நிற்கின்றது. மெக்ஸிகோ தேசம் நாயினால் வரும் மனித மரணத்தை முற்றும் ஒழித்ததென 2019இல் உலகச் சுகாதார ஸ்தாபனம் ஒப்புக்கொண்டது. நம் மத்திய சர்க்காரும் 2030க்குள் இதனை ஒழிப்பதென 2021 செப்டம்பர் 28இல் ஒரு திட்டம் வெளியிட்டனர். செப்டம்பர் 28 பாஸ்டர் இறந்த நாள்.

இனி நம் திருநெல்வேலிக்கு வருவோம். நமக்கு இல்லாதது யாது? பாளையங்கோட்டையில் 1965 முதல் மருத்துவக் கல்லூரி உண்டு. இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. மாநகராட்சி உண்டு, கால்நடை இலாகா உண்டு, நாட்டு நலப்பணித் திட்டத்தில் மாணவர் பதிந்துள்ள கலாசாலைகள் தெருவுக்குத் தெரு உண்டு. இல்லாதது இவற்றை ஒரே காலை வேளையில் ஒரே தெருவில் நிறுத்தும் ஏற்பாடே.

ஊசியை மாணவர் போட இயலாது, போடவும் கூடாது. அது கால்நடை வைத்தியர் தொழில். மாணவர் செய்யத்தக்கது அதற்கு முன்னும் பின்னுமுள்ள வேலை. முன்னுள்ளது எண்ணுதல். மாநகராட்சியின் 55 வார்டுகளில் எத்தனை நாய் என்று அறியாமல் எழுபது சதவிகிதம் என்பது வெறுஞ்சொல். விடியற்காலை, வண்டிகள் ஓடத் தொடங்குமுன், இருவர் இருவராகத் தெருவும் முடுக்கும் விடாமல் நடந்து கண்டவற்றைக் குறித்தல் வேண்டும். ஆண், பெண், குட்டி என்று பிரித்து எழுதுதல் நன்று. தெருநாய் என்று நாம் பொதுவாகச் சொல்லுபவற்றுள் உண்மையில் எவர்க்கும் உரியதல்லாதது சிலவே. வளவில் வசிக்கும் ஆச்சி ஒருவர் மீந்த சோற்றை இடுவார். அதற்கு ஒரு பெயருமிருக்கும். அவர் அழைத்தால் அது வரும். வலையால் அரைமணி நேரம் துரத்திப் பிடிக்க வேண்டிய நாயை அந்த ஆச்சி ஒரு குரலில் திண்ணையடியில் நிறுத்திவிடுவார். ஆகவே எண்ணப் போகும் மாணவர் நாயின் தொகையோடு அதற்குச் சோறிடுவார் வீட்டையும் குறித்துக்கொண்டு வருதல் இன்றியமையாதது. மகளிர் சுய உதவிக் குழுவினரையே இப்பணிக்கு முதலில் அணுக வேண்டுமென்பது எமது கருத்து.

பின்னுள்ளது அளந்து பார்த்தல். ஊசி போட்ட நாய்க்கு அப்பொழுதே சில நாளில் அழியும் சாயத்தால் ஒரு குறி இடப்படும். மறுநாட் காலை வேறு இருவர் அதே தெருவில் நடந்து, கண்ட நாய் எத்தனை, குறியுள்ளது எத்தனை என்று எழுதுவர். நாற்பதில் இருபத்தெட்டுக்குக் குறி இருப்பின் எழுபது சதவிகிதம். இருபதுக்கே இருப்பின் அத்தெருவுக்கு மீண்டும் போக வேண்டும். போட்ட ஊசிகளின் தொகையை மட்டும் சொல்லி மகிழ்தல் எளிது; இவ்வெண்ணிக்கை இன்றேல் அத்தொகை நம்மை ஏமாற்றும். மூன்று மாதம் நிரம்பாத குட்டியை விட்டுவிடும் வழக்கம் சிலவிடங்களிலுண்டு. அது தவறு. சிறுவர் எடுத்துக் கொஞ்சுவது குட்டியையே. இயக்கத்தின்போது கண்ட குட்டிக்கும் போடுவதே உலகச் சுகாதார ஸ்தாபனத்தார் கூறும் முறை. மருந்து 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில் இருக்க வேண்டுமாதலின், பனிக்கட்டிப் பெட்டியைச் சுமந்து, அதனை வெயிலில் வையாது காக்கும் மாணவன் செய்வதும் சிறு வேலையன்று. நாயைத் தொடுவோர் எவராயினும் முன்னதாகவே தமக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டவராய் இருத்தல் கண்டிப்பான விதி.

காலமும் நோக்கத்தக்கது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஆற்றோரத் தெருக்களில் நாய் ஒதுங்கி மறையும். ஆனித் தேரோட்டத்தின் கூட்டத்திலும் தீபாவளி வெடியிலும் அவை இடம் பெயர்ந்து ஓடும். பொங்கலுக்குப் பின், தை மாசியில், மழையும் ஓய்ந்து, மார்கழியைச் சூழ ஈன்ற குட்டிகளும் வெளியே வந்திருக்கும் நாட்களே ஏற்றவை.

நகரத்தோடு நிற்பதும் பயனின்று. பொதிகையிற் பிறந்து புன்னைக்காயலிற் கடல் சேரும் ஆறு 128 கிலோமீட்டர் ஓடுகின்றது. அதன் இரு கரையிலும் பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி முதல் ஸ்ரீவைகுண்டம் வரை நெல்லும் வாழையும் ஊரும் இடைவிடாது தொடர்கின்றன. தூத்துக்குடி 1986இல் தனி ஜில்லாவாயிற்று, தென்காசி 2019இல் தனி ஜில்லாவாயிற்று என்பதை நாய் அறியாது. அறுவடை முடிந்த வயலிற் கிடை போட வரும் கீதாரிகளின் நாய்கள் எந்த ஊர்க் கணக்கிலும் சேர்வதில்லை. அவர்கள் எவ்வயலில் இறங்கியிருக்கின்றனர் என்பதை ஊர்க்காரரிடம் விசாரித்து இரவில் கிடைக்கே போக வேண்டும். கரிசற்காட்டுச் சிப்பிப்பாறை, கன்னி முதலிய வேட்டை நாய்களை வளர்ப்போர் அவற்றைப் பிள்ளைபோற் பேணுவர். அவர்கள் ஊசிக்கு மறுப்பதில்லை, வைத்தியர் வரும் நாள் தெரிந்தாற் போதும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் அடிவாரக் கிராமங்களிலோ, ஊர்நாயின் நோய் காட்டுச் செந்நாய்க்கும் தாவக்கூடும் என்னும் கவலையும் உண்டு.

கருத்தடையைப் பற்றி ஒரு வார்த்தை. 2001இல் ஏற்பட்டு 2023இல் புதுக்கப்பட்ட விதிகளின்படி தெருநாய்க்குக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். நாய்த்தொகை பெருகாமலிருக்க அது வேண்டியதே. ஆனால் அறுவை செய்ய நாள் செல்லும். ஊசி போட ஒரு நிமிஷமே செல்லும். அறுவைக்கூடம் ஆயத்தமாகட்டும் என்று ஊசியை நிறுத்தி வைப்பது, கிணறு வெட்டும் வரை தாகத்தைப் பொறுத்திரு என்பது போலாம்.

நம் கலாசாலை வளாகத்தைப் பற்றியும் சொல்லாதிருத்தல் நேர்மையன்று. விடுதிச் சமையலறைக்குப் பின்னுள்ள நாய்களைக் குறித்து நம்முள் இரண்டு கட்சியுண்டு: சோறிடுவோர் கட்சி, கல்லெறிவோர் கட்சி. இரண்டு கட்சியாரும் இதுவரை அவற்றுள் ஒன்றுக்கேனும் ஊசி போடுவித்தாரில்லை. உச்ச நீதிமன்றத்தார் 2025 நவம்பர் 7ஆம் நாள், கல்விச்சாலை, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், இரயில் நிலையம் முதலியவற்றின் எல்லைக்குள் திரியும் நாய்களைப் பிடித்து, ஊசியும் கருத்தடையும் செய்து காப்பகத்தில் வைக்குமாறும், அவ்விடத்தில் மீண்டும் விடலாகாதென்றும் பணித்தனர். காப்பகத்திற்கு இடமும் பொருளும் வேண்டும். அவை ஒரே நாளில் உண்டாவன அல்ல. அதுவரையிற் சுவருக்கு உள்ளிருக்கும் நாய் எவ்விதமாயினும் ஊசி போட்ட நாயாக இருக்கட்டும் என்பதில் இரு கட்சியாரும் உடன்படலாம். சமையற் கழிவை மூடிய தொட்டியில் இடுவதற்கோ எவர் உத்தரவும் வேண்டுவதில்லை.

நம் சேவா சங்கத்தார் இவ்வாண்டுத் தை மாதத்தில் முதற்கண் பாளையங்கோட்டைத் தெருக்களிலும், பின்னர் வண்ணாரப்பேட்டை, மேலப்பாளையம் பகுதிகளிலும் எண்ணிக்கை எடுக்க எண்ணியுள்ளனர். மேலப்பாளையத்தில் கறிக்கடைகளும் ஆட்டுச் சந்தையும் உள்ளமையின், அங்கு ஒரு வாரத்தில் சந்தை நாளிலும் மற்றொரு நாளிலுமாக இருமுறை எண்ணுதல் வேண்டும். எண்ணிக்கைத் தாளிற் கேட்கப்படுபவை ஐந்தே: தெரு, நாழிகை, நாய்களின் தொகை, குட்டிகளின் தொகை, சோறிடுவார் வீட்டிலக்கம். தாள் நிரம்பியவுடன் ஒரு பிரதி மாநகராட்சிச் சுகாதார அதிகாரிக்கும், ஒரு பிரதி கால்நடை இலாகாவுக்கும் அனுப்பப்படும். தத்தம் ஊர்களில் இதனை நடத்த விரும்பும் பழைய மாணவர்க்கும் தாள்கள் அனுப்பி வைக்கப்படும். வர விரும்புவோர் தம் பெயரையும், தாம் நன்கறிந்த தெருவின் பெயரையும் உயிர்நூற் பகுதியில் வைத்துள்ள புத்தகத்தில் எழுதி வைப்பாராக. அத்தெருவே அவரவர்க்குக் கொடுக்கப்படும்.